நூற்று நாற்பது நாள் பச்சைக் குறி

முதலில், மில் நிர்வாகம் வருகைப் பதிவேட்டைக் கிழித்தது. அடுத்து, தொழிலாளர் அலுவலகம் மனுவே வரவில்லை என்றது. மூன்றாவதாக, சங்கத்தின் பழைய செயலாளரே பெயர்ப் பட்டியலை அக்குளில் இடுக்கிக்கொண்டு முதலாளி பக்கம் போனார்.

நான்காவது அநியாயத்தைச் சொல்லத்தான் அந்தச் சங்கத்தின் இப்போதைய பொறுப்பாளர் சவரிமுத்து, சங்கங்களின் சம்மேளன அலுவலகத்துக்கு வந்திருந்தார். கூட வந்த, வேலை போன பெண்கள் மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தோழர், எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் காலையில செத்துப்போச்சு. வேலை நீக்கப்பட்டவங்க பட்டியல் அதுலதான். ரெண்டு மணிக்குள்ள கோர்ட்டுல கொடுக்கலேன்னா வழக்கு தள்ளுபடி."

சம்மேளனத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ரெஹானாவுக்கு முப்பத்திரண்டு வயது. சவரிமுத்துவுக்கு அறுபத்தொன்று. பேக்கப் எடுக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ரெஹானாதான்.

"பேக்கப் இங்க இருக்குமே, அண்ணாச்சி."

"நானும் அப்படித்தான் நம்பினேன். தினம் சாயந்தரம் பார்ப்பேன். நூற்று நாற்பது நாளும் பச்சைக் குறி. 'வெற்றி'ன்னு போட்டிருக்கும். நேத்துப் பிரதியைத் திறந்தா உள்ளே ஒண்ணுமே இல்ல. எவனோ விலை போயிட்டான்."

"தினம் தானாப் பிரதி எடுக்கிற பேக்கப் ஜாப்பை அமைச்சது யாரு?"

"நான்."

"எதைக் காக்கச் சொன்னீங்க?"

"பட்டியல் இருக்கிற ஃபோல்டரை."

"பட்டியல் அதுலயேதான் இருந்துதா?"

சவரிமுத்து விரல்விட்டு மாதங்களை எண்ணினார்.

பேரவை கூடி முடிந்தால் பழைய பதிவேட்டை மூடிப் புதியது போடுவது சங்க வழக்கம். நூற்று நாற்பது நாளுக்கு முன் வைகாசிப் பேரவை முடிந்ததும் அவர் புது ஃபோல்டர் திறந்து பட்டியலை அதற்கு மாற்றினார். ஜாப்பை மாற்றவில்லை.

"அப்போ இத்தனை நாளும்?"

"காலி ஃபோல்டரைக் காவல் காத்திருக்கு. ஒழுங்காத்தான் காத்திருக்கு."

"காலியா இருக்குன்னு சொல்ல வேண்டாமா?"

"நீங்க கேக்கலியே."

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முப்பது வருடம் கோஷம் போட்டவர். இதற்கு யார் வாசலில் நின்று கோஷம் போடுவது?

"பழைய பிரதிகளை அழிக்கச் சொல்லியிருக்கீங்களா?"

"அழிக்கவா? எதையும் எப்பவும் அழிக்காதேன்னு வெச்சிருக்கேன். அழிச்சவனுங்களைப் பாத்தே தலை நரைச்சவன் நான்."

"அப்போ பேரவைக்கு முந்தின நாள் பிரதியை எடுங்க."

ரெஹானா கையைக் கட்டிக்கொண்டார். கீபோர்டு பக்கமே வரவில்லை.

சவரிமுத்து ஒற்றை விரலால் தேதியைத் தேடினார். 'மீட்டெடு' என்பதை அழுத்தினார். கோடு ஊர்ந்தது. பச்சைக் குறி வந்தது: வெற்றி.

துள்ளி எழுந்தார். "வந்துடுச்சு! பென்டிரைவ்ல போட்டுக் கொடுங்க, ஓடுறேன்."

ரெஹானா திரையில் அந்தக் குறியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"என்ன வந்துடுச்சு?"

"பட்டியல்."

"எப்படித் தெரியும்?"

"அதான் போட்டிருக்கே. கையை எடுங்க, தோழர். மணி ஒண்ணாகுது."

கை நகரவில்லை.

சவரிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். ரெஹானாவின் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

மெல்ல உட்கார்ந்தார்.

"உள்ளே வாங்கம்மா, மூணு பேரும்."

"என்ன அண்ணாச்சி, எங்க பேரு இருக்கா, இல்ல மறுபடியும் போச்சா?" முதலில் நுழைந்தவர் கேட்டார்.

"சத்தம் போடாம நில்லுங்க."

ஃபைலைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். கேட் கூட்டத்தில் பேசுவதுபோல் குரலை உயர்த்திப் படித்தார்.

"ஒன்று. சுடலைவடிவு. நூல் சுற்றும் பிரிவு."