இருவாச்சியின் சிறகு ஏன் இரைகிறது

"காசு என்ன மரத்திலா காய்க்கிறது?" என்று வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள் அல்லவா? பறவைகள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த நாளில் அது மெய்யாகவே காய்த்தது. மரத்தில் இல்லை, கொடியில். ஆனைமலைக் காட்டில் அப்போது குன்றிமணிதான் காசு. ஒரு குன்றிமணி கொடுத்தால் ஒரு அத்திப்பழம். சிவப்பாய், கறுப்புக் கண்ணோடு, பார்க்கவும் லட்சணமான காசு.

அப்புறம் என்ன, பறவைகளுக்குப் புத்தி வந்துவிட்டது! காசைத் தேடி அலைவானேன், விதைத்துவிட்டால் போயிற்று என்று ஆளாளுக்குக் கூட்டுக்குப் பின்னால் கொடி போட்டார்கள். காடே சிவந்துபோனது. எல்லாரும் பணக்காரர்கள். ஆனால் எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார்? அத்திமரம் பழையபடிதானே காய்த்தது? ஒரு மணிக்கு விற்ற பழம் ஒரு பிடி மணிக்குப் போயிற்று. காலையில் ஒரு பிடி என்றால் வெயில் ஏறுவதற்குள் ஒரு கூடை. கீழே கிடந்த காசைக் குனிந்து பொறுக்கக் காட்டுக்கோழிகூட சோம்பல்பட்டது.

இந்தக் கூத்தில் வகையாக மாட்டிக்கொண்டவன் கருமலையான் என்கிற ஆண் இருவாச்சி. அவன் பெண்டாட்டி பவளாயி. இருவாச்சியின் அலகைப் பார்த்தால் அரிவாள் மாதிரி இருக்கும். ஆனால் மரத்தில் ஒரு பொந்து குடையச் சொல்லுங்கள், வராது! முட்டை வைக்கப் பொந்து வேண்டுமானால் மரங்கொத்தி ஆசாரியிடம் போய்த்தான் விலைக்கு வாங்க வேண்டும். போன வருஷம் வாங்க முடியவில்லை. பவளாயி கிளைக்கவட்டில் முட்டை வைத்தாள். உடும்பு ஏறி வந்து குடித்துவிட்டுப் போயிற்று. அதன் பிறகு வெகுநாள் அவள் யாரோடும் பேசவில்லை, கருமலையானிடம்கூட. அந்த மௌனத்தை அவனால் தாங்க முடியவில்லை. இந்த வருஷம் எப்பாடு பட்டாவது அவளைப் பொந்துக்குள் உட்கார வைத்தே தீருவேன் என்று, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குன்றிமணி சேர்த்தான்.

சேர்த்ததை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஆசாரியிடம் போனான்.

"ஆசாரி, போன அமாவாசைக்கு நீ சொன்ன விலை, அப்படியே கொண்டாந்துட்டேன்."

"அது போன அமாவாசை விலைங்களே!" என்று தலையைச் சொறிந்தது மரங்கொத்தி. "இன்னிக்கு இன்னும் ரெண்டு மூட்டை ஆகுமுங்க. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? புழு விக்கற விலை அப்படி. எம் புள்ளைகளும் திங்கோணுமல்ல?"

ஆசாரி மேலும் தப்பில்லை. கருமலையான் இன்னும் சேர்க்கப் போனான். சேர்த்துக்கொண்டு வருவதற்குள் விலை அவனுக்கு முன்னால் பறந்துபோய் உட்கார்ந்திருந்தது.

இப்படியே விட்டால் நாடு சுடுகாடு ஆகிவிடும் என்று ராஜாளி ராஜா சபையைக் கூட்டினார். புதுக் காசு கொண்டு வர வேண்டும், எதை வைக்கலாம் என்று கேட்டார்.

"இறகைக் காசாக்கலாமே, ராஜா?" என்றது மந்திரி மயில், தோகையை ஒரு தரம் சிலிர்த்துக்கொண்டு.

சபை கொல்லென்று சிரித்தது. "ஆமாமா, மந்திரி வீட்ல இருக்கறதுதான் நாட்டுக்குக் காசு!" என்றது ஒரு மைனா.

ராஜா சிரிக்கவில்லை. "இறகு சரிதான். ஆனா தோகை செல்லாது, வால் செல்லாது. சிறகுல இருக்கறது மட்டும்தான் செல்லும். பெரிய இறகு பெருங்காசு. சிறகுக்கு அடியில இருக்கற சின்ன இறகு சில்லறை. உதிர்ந்ததை எடுத்துட்டு வராதீங்க, பிடுங்கினதுதான் காசு. குடுக்கறப்ப வலிச்சாத்தான் யாரும் வாரி இறைக்க மாட்டீங்க" என்றார். மயிலின் முகம் தொங்கிப்போயிற்று.

விலைவாசி அன்றைக்கே மூக்கணாங்கயிறு போட்ட மாடாக நின்றது. நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கருமலையான் பட்டினி கிடந்து சேர்த்த மூட்டையெல்லாம் செல்லாக்காசு.

ஆசாரி புது விலை சொன்னது: "ரெண்டு சிறகுல இருக்கற பெரிய இறகு அத்தனையும் வேணுமுங்க. இனி இது ஏறாது, இறங்காது."

"நான் பிடுங்கித் தர்றேன்" என்றான் கருமலையான்.

"நீங்க பிடுங்கிப்போட்டா இரை தேடறது யாரு?" என்றாள் பவளாயி.

"அப்ப ஆளுக்குப் பாதி."

"பாதிச் சிறகோட பறக்கற பறவையை எங்கீங்க பாத்தீங்க? ரெண்டு பேரும் கீழ விழுந்து கெடக்கறதுக்கா?" அவள் தன் வயிற்றை அலகால் தொட்டுக் காட்டினாள். "எனக்கு நாள் நெருங்கிருச்சுங்க. மறுக்காவும் கிளையில வெச்சு உடும்புக்குக் குடுக்க எனக்குத் தெம்பில்லை."

"நான் ராஜா காலிலயே விழுந்து கேக்கறேன். பழைய காசை மாத்தித் தரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பறந்தான்.

ராஜா பொறுமையாகக் கேட்டார். "உனக்கு மாத்திக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கோணும். மறுபடி காடு சிவந்துரும். என்னால முடியாதுப்பா" என்றார். சொன்னபோது அவர் கருமலையான் முகத்தைப் பார்க்கவில்லை.

வெறும் அலகோடு அவன் திரும்பினான். வீட்டுக்கிளையில் பவளாயி இல்லை. ஒருவேளை ஆசாரி குடைந்து வைத்திருந்த பொந்துக்குப் போயிருப்பாளோ என்று அந்த மரத்துக்குப் பறந்தான். மரத்தடியில் இறகுகள் சிதறிக் கிடந்தன. கறுப்பில் வெள்ளைப் பட்டை. அந்த வெள்ளையில் தினமும் அலகால் தடவித் தடவி அவள் பூசிக்கொள்ளும் மஞ்சள். ஒரு பறவையின் இறகு இப்படிக் கொத்தாகக் கீழே கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது காட்டில் குஞ்சுக்கும் தெரியும். கருமலையான் தரையில் இறங்கி, ஒரு இறகை அலகால் தொட்டுப் பார்த்து, வாய்விட்டு அலறினான்.

"ஏனுங்க, அங்க என்னத்தப் பாத்து அழுவறீங்க? மேல பாருங்க. நம்ம ஊடு!"

பொந்தின் வாயில் பவளாயி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் சிறகு இருந்த இடத்தில் சின்னச் சின்ன முடி மட்டும் சிலும்பிக்கொண்டு நின்றது. அங்கங்கே ரத்தம். ஆசாரி கீழ்க்கிளையில் உட்கார்ந்து, விழுந்த இறகைப் பொறுக்க மனசில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணிப்போட்டே!"

"எப்படியும் நான் முட்டை மேல உக்காரத்தானே போறேன்? உக்கார்றவளுக்கு எதுக்குங்க சிறகு? பறக்கறவரு நீங்க. உங்களுதை என்னால பிடுங்க விட முடியாது."

அவன் அழுதான். அவளும் கொஞ்சம் அழுதாள். பிறகு அவள்தான் முதலில் கண்ணைத் துடைத்தாள். "உடும்பு வந்தா இப்ப எனக்குப் பறந்து தப்பிக்கவும் வழியில்லை. மண்ணு கொண்டாங்க, வாசலை அடைச்சுக்கறேன்."

"உன்னை நானே உள்ள வெச்சு அடைக்கறதா?"

"அடைக்கறது நான். நீங்க மண்ணு மட்டும் கொண்டாங்க."

அவன் ஈர மண் கொண்டு வந்து கொடுத்தான். அவள் உள்ளே இருந்தபடியே குழைத்துப் பூசினாள். கடைசியில் அலகு நுழையும் அளவுக்கு ஒரு இடுக்கு மட்டும் மிஞ்சியது. அன்றைக்கே முட்டையும் வைத்தாள்.

இனி உள்ளே இருப்பவளுக்குச் சோறு போட வேண்டுமே! அத்திமரத்துக்குச் சொந்தக்காரன் குக்குறுவான் என்கிற பச்சைக் குருவி, காசில்லாமல் பழம் தொட விடாதவன். பெரிய இறகு ஒன்று கொடுத்தாலும் பறப்பது குறைந்துபோகும். அதனால் கருமலையான் சிறகைத் தூக்கி, அடியில் இருந்த சின்ன இறகாகப் பார்த்துப் பிடுங்கினான். ஒரு இறகுக்குத் தொண்டை நிறையப் பழம். தான் விழுங்காமல் கொண்டுபோய், ஒவ்வொன்றாகக் கக்கி, இடுக்கு வழியே அவளுக்கு ஊட்டினான். மறுநாள் இன்னொரு இறகு. அதற்கு மறுநாள் இன்னொன்று.

சில்லறை குறையக் குறையச் சிறகில் காற்றுப் புகுந்தது. அவன் பறந்தால் மலைக்கு அந்தப் பக்கம் வரை புஸ்ஸு புஸ்ஸென்று இரைந்தது.

"அதென்னங்க சத்தம்?" என்று உள்ளே இருந்து கேட்டாள் பவளாயி.

"காத்து ஜாஸ்தி, புள்ள."

"இலை அசையலையே?"

அவன் பழத்தை ஊட்ட நெருங்கி வந்தபோது, அவள் இடுக்கு வழியே அலகை நீட்டி அவன் சிறகுக்கு அடியில் தடவிப் பார்த்தாள். இறகு இருந்த இடமெல்லாம் வெறும் தோலாக இருந்தது. அவள் அலகை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதுங்களா?"

"இல்லை."

"பொய் சொல்லாதீங்க."

"கொஞ்சூண்டு."

"இருட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, இன்னிக்கு வருவீங்களோ, கழுகு எதாச்சும் அடிச்சிருச்சோனு பயந்துக்கிட்டே கெடந்தேனுங்க" என்றாள் அவள். "இனி அந்தப் பயமில்லை. நீங்க அந்த மலை தாண்டறப்பவே எனக்குக் கேட்டுரும்."

குஞ்சு பொரிந்தது. பவளாயிக்குப் பெரிய இறகெல்லாம் புதிதாக முளைத்தது, மண் கதவை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கருமலையானின் அடிச்சிறகில் மட்டும் மறுபடி முளைக்கவே இல்லை. பிறந்த பிள்ளைகளுக்கும் அந்த இடம் மொட்டையாகவே இருந்தது. இறகுக் காசு பிற்பாடு என்னவாயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். மனுஷன் காட்டுக்கு வந்தான், காசு என்கிற தலைவலியை அவன் தலையில் கட்டிவிட்டுப் பறவைகள் நிம்மதியாகிவிட்டன.

ஆனால் பழகியது போகுமா? அந்த வருஷம் தொட்டுத்தான் பெண் இருவாச்சி இறகை உதிர்த்துவிட்டுப் பொந்தை அடைத்துக்கொண்டு முட்டை மேல் உட்காருகிறாள், ஆண் தொண்டையில் பழம் சுமக்கிறான். அவன் பறந்தால் காடே இரைகிறது, உள்ளே இருப்பவள் அதைக் கேட்டதும் அலகை வெளியே நீட்டுகிறாள்.