முழு ஓய்வில் இருக்கும் புல்

எங்கள் புளியங்காட்டுப்புதூரில் மூன்று முட்டாள்கள் இருந்தார்கள். கோடை லீவுக்கு நான் வந்து இறங்கியதும் நான்கு ஆனது. மற்ற மூவருக்கும் படிப்பு கிடையாது. எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

நாச்சிமுத்து சித்தப்பாவுக்குப் பதினொரு மாடுகள், வேலியில்லாத ஒரு மேய்ச்சல் காடு. மாடுகள் நேராக பைபாஸ் ரோட்டில் போய் நிற்கும். போன மாதம் ஒரு கன்று லாரியில் அடிபட்டுச் செத்தது. இயற்கை முறைக் கால்நடைப் பண்ணை என்று சான்றிதழ் வாங்கினால் வேலி போட அரசாங்கம் உதவும். சான்றிதழுக்கு ஒரு விதிமுறைப் புத்தகம். அதை உரக்க வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. விளக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் விளக்கினேன்.

“காட்டை நான்காகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதியில் மாடு மேயும்போது மற்ற மூன்றுக்கும் முழு ஓய்வு தர வேண்டும்.”

“நெலத்துக்கு எப்படி கண்ணு ஓய்வு குடுக்கறது? அது எந்நேரமும் படுத்தேதான கெடக்குது?” என்றார் சித்தப்பா.

“படுத்திருக்கறது வேற, ஓய்வு வேற சித்தப்பா. நான் ஹாஸ்டல்ல மூணு வருசமாப் படுத்தேதான் இருக்கறேன். ஓய்வுன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

வாதம் எடுபட்டது. எங்களில் டாக்டர் வாயால் முழு ஓய்வு வாங்கியவர் செல்லாத்தா சித்தி மட்டுமே, டைபாய்டில். அவரிடம் விசாரித்தோம். சத்தம் ஆகாது, வெயில் ஆகாது, பார்க்க ஆள் வரக் கூடாது என்றார். மூன்று பகுதிக்கும் கீற்றுப்பந்தல் போட்டோம். மாடுகளை நான்காவது பகுதியில் முளையடித்துக் கட்டி, கழுத்து மணிகளைக் கழற்றினோம். பக்கத்து வீட்டு ராக்கியப்பண்ணன் வரப்பில் உட்கார்ந்து, வருகிற மயில்களுக்கெல்லாம் வாயில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டே வாரத்தில் மேய்ந்த பகுதி மொட்டை. மற்ற மூன்றிலும் கீற்றிடுக்கில் மழை ஒழுகிப் புல் முழங்கால் உயரம். மாடுகள் அதைப் பார்த்துக் கத்தின. சித்தி ஒவ்வொன்றின் வாயாகப் பொத்திக்கொண்டு வந்தார்.

“இப்ப அவுத்து உட்றலாமா?” என்றார் ராக்கியப்பண்ணன்.

புத்தகத்தைப் பிரித்தேன். “புல் அரையடி எழுந்த பின்பே மாடுகளை விட வேண்டும்.”

“முழங்கா மட்டும் நிக்குதே புள்ள.”

“அது வளந்திருக்குதுங்ண்ணா. எழுந்திருக்குதுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க? விதியில வளந்தன்னு போடலியே.”

“தட்டி எழுப்பிப் பாக்கலாமா?” என்றார் சித்தி.

“எழுப்புனா ஓய்வைக் கலைச்ச மாதிரி ஆயிரும் சித்தி. தானா எழணும்.”

சித்தப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். மாடுகள் பார்த்த பார்வை வேறு.

வெள்ளிக்கிழமை சான்றிதழுக்கான ஆய்வாளர் அம்மா ஜீப்பில் வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னோம், கழற்றினார். விலா எலும்பு தெரியும் மாடுகளையும், பந்தலுக்கடியில் தளதளத்த புல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏங்க மாடு பட்டினி கெடக்குது?”

“மெதுவாப் பேசுங்க,” என்று கிசுகிசுத்தார் சித்தப்பா. “நெலம் இன்னும் எந்திரிக்கல.”

விதி எண்ணோடு நான் இருபது நிமிடம் வாதாடினேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவர் பாட்டுக்குப் போய் பதினொரு மாடுகளையும் தன் கையாலேயே அவிழ்த்துப் புல்லில் விட்டார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்: ‘விண்ணப்பம் கிடப்பில் வைக்கப்படுகிறது.’

சித்தப்பாவின் முகம் வாடிப்போனது. “கெடப்புலயா? அப்ப வேலி வராதா கண்ணு?”

மூன்று முறை வாசித்துப் பார்த்தேன். “வரும் சித்தப்பா. கிடப்புலன்னா படுக்க வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். அதுக்கும் ஓய்வு குடுத்திருக்காங்க. எழுந்ததும் வேலிதான்.”

திங்கட்கிழமை நால்வரும் வெறுங்காலோடு, அடிமேல் அடிவைத்து அந்த அம்மாவின் அலுவலகத்துக்குள் போனோம். பீரோ பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளார்க்கின் காதோரம் சித்தப்பா குனிந்தார்.

“எங்க விண்ணப்பம் இதுக்குள்ளதான் படுத்திருக்குதுங்களா? பாவம், புழுக்கமா இருக்கும். அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி உடுங்க.”