குளத்தைச் சுற்றாத வண்டி

தாமரைக் குளத்தில் ஒரு நீர்நாய் இருந்தாள். பெயர் செங்கமலம். கரையோரத்து மருத மரத்தின் வேருக்கடியில் அவள் வளை. வளைக்குள் இன்னும் நீந்தப் பழகாத குட்டிகள். தகப்பன்காரன் போன ஐப்பசி வெள்ளத்தோடு போனவன் திரும்பவே இல்லை. பிள்ளைகளும் பிழைப்பும் அவள் ஒருத்தி தலையில் விழுந்தன.

பிழைப்பாவது பக்கத்தில் இருந்ததா? அதுவும் இல்லை. காட்டின் மறுகோடியில் ஒரு பெரிய அணை. அங்கே மதகைத் திறப்பதும் மூடுவதும் அவள் வேலை. கூலி, மீன். விடியும்போது மதகடியில் நிற்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பலாம். குளத்துக்கும் அணைக்கும் நடுவே நான்கு வழிச் சாலை நீண்டு கிடந்தது. இத்தனை நாளும் எருமை ஓட்டிய வேனில் போய் வந்தாள். எருமைக்கு வயதாகிவிட்டது. ஒரு நாள் வேனை நிறுத்திவிட்டுச் சேற்றில் இறங்கிப் படுத்தது. இனி எழுந்திருப்பதாக இல்லை என்று எல்லோருக்கும் சொல்லியும் விட்டது.

அணைக்கு முதலாளி ஒரு முதலை. தேன் ஒழுகத்தான் பேசுவார். "எதுக்கும்மா உனக்கு இந்த அலைச்சல்? குட்டிங்களையும் கூட்டிக்கிட்டு இங்கேயே வந்துடு. என் படுக்கைக்குப் பக்கத்துலயே இடம் தர்றேன்" என்றார். சொல்லும்போதே வாய் அகலமாகத் திறந்தது. செங்கமலம் இரண்டு அடி பின்வாங்கினாள். ஒரு நாள் பிந்தினாலும் வேலை கீரிக்குப் போய்விடும் என்று அவர் கூடவே சொல்லிவைத்தார்.

வேலையை விட்டால் குட்டிகளுக்குப் பட்டினி. அணைக்குக் குடிபோனால் குட்டிகளே மிஞ்சா. அவள் இரண்டுக்கும் இணங்கவில்லை. சொந்தமாக வண்டி வாங்குவது என்று துணிந்தாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த கருவாடு ஒரு பானை நிறைய இருந்தது. இருந்தது அந்த ஒரு பானைதான். தப்பான வண்டியில் அதைக் கொட்டினால் முதலையின் பக்கத்துப் படுக்கைதான் கதி.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வண்டி பார்த்தாலும் அதைக் குளத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக் காட்ட வேண்டும். கரையில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். வண்டி பளபளத்து, சத்தமும் மெத்தென்று இருந்தால் "பேஷ்" என்பார்கள். "பேஷ்" வாங்கிய வண்டிக்கு மயிலார் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வழியனுப்புவார். மயிலார்தான் கரைக்குத் தலைவர். அவரை யார் தலைவராக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தோகை பெரிது, அவ்வளவுதான். கூரை திறக்கும் சிவப்புப் பெட்ரோல் வண்டி ஒன்று வைத்திருந்தார். தோகையை விரித்துக்கொண்டு காலையில் ஒரு வட்டம், மாலையில் ஒரு வட்டம் வருவார். அதற்கு மேல் அந்த வண்டி எங்கும் போனதில்லை. போக வேண்டிய வேலை எதுவும் அவருக்கு இருந்தால்தானே!

வண்டி விற்பவன் ஓணான். குளத்தின் எதிர்க்கரையில், வேலியோரம் கொட்டகை போட்டிருந்தான். எதைக் கேட்டாலும் தலையாட்டுவான். நல்ல வண்டியா என்று கேட்டால் ஆட்டுவான். கெட்டுப்போகுமா என்று கேட்டாலும் ஆட்டுவான். அவனை நம்பி வண்டி வாங்கியவர்கள்தான் அந்தக் கரையில் முக்கால்வாசிப் பேர்.

செங்கமலம் கொட்டகைக்குப் போனபோது மயிலாரும் கூடவே வந்துவிட்டார். தன் வண்டிக்கு உடன்பிறப்பு போல நின்ற இன்னொரு சிவப்பு வண்டியைக் காட்டினார். "இதையே எடுத்துக்கோ. நம்ம கரைக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?" என்றார்.

அவள் ஓணான் பக்கம் திரும்பினாள். "ஒரு தடவை டேங்க் ரொப்பினா, அணைக்கு எத்தனை தடவை போய் வரலாம்?"

ஆடிக்கொண்டிருந்த தலை நின்றுவிட்டது. அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. "அதெல்லாம் போகும்க்கா. மொதல்ல குளத்தைச் சுத்தி ஒரு வட்டம் ஓட்டிப் பாருங்க" என்றான்.

"வட்டம் வேண்டாம். அணை வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பணும். அப்புறம்தான் பேச்சு."

கரையில் சலசலப்பு எழுந்தது. மயிலார் கழுத்தை நீட்டினார். பாட்டன் பூட்டன் காலத்து வழக்கத்தை மீறுகிறாயா என்று கேட்டார்.

"நான் பொழைக்கப் போறது சாலையிலண்ணே, குளத்தைச் சுத்தி இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறினாள்.

சிவப்பு வண்டி பறந்தது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வேகம் ஏற ஏற டேங்க் முள் இறங்கியது. அணையிலிருந்து திரும்பும் வழியில், சாலையோரத்து யானையின் பங்க்கில் நிறுத்த வேண்டி வந்தது. யானை தும்பிக்கையால் பெட்ரோல் ஊற்றும். அதற்கு விலையாக மீன் வாங்கும். தனக்கு மீன் ஆகாவிட்டாலும், கொக்கிடம் கொடுத்துக் கரும்பாக மாற்றிக்கொள்ளும். செங்கமலம் மனதுக்குள் நினைத்துப் பார்த்தாள். தினமும் இப்படிப் போய் வந்தால் வாங்குகிற கூலி முழுவதும் அந்தத் தும்பிக்கை வழியாக வண்டிக்குள்ளேயே போய்விடும். குட்டிகளுக்குச் செதில்கூட மிஞ்சாது. சிவப்பு வண்டியை அப்படியே கொண்டுபோய் ஓணானிடம் விட்டாள்.

கொட்டகை மூலையில், காக்கை எச்சம் படிந்து ஒரு சாம்பல் நிற வண்டி நின்றது. டீசல் வண்டி, யாரோ ஓட்டிப் பழகியது. அதைக் கேட்டபோது ஓணானே தலையாட்டத் தயங்கினான். கிளப்பினால் உடம்பெல்லாம் உதறியது, கடகடவென்று கத்தியது. முதலில் மெதுவாகத்தான் நகர்ந்தது. சாலையில் ஏறிச் சூடு பிடித்த பிறகு பார்க்க வேண்டுமே! ஒரே சீராக ஓடியது. மேட்டிலும் மூச்சு வாங்கவில்லை. அணைக்குப் போய்த் திரும்பியபோதும் டேங்க் முள் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது. சந்தேகத்துக்கு மறுநாளும் அதே டேங்க்கோடு ஓட்டினாள். அப்போதும் யானையைத் தேட வேண்டியிருக்கவில்லை.

வழியில் சேற்றோரம் நிறுத்தி, படுத்திருந்த எருமையிடம் ஒரு வார்த்தை கேட்டாள். காலமெல்லாம் டீசல் வேன் ஓட்டியது அல்லவா? நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான வண்டி இல்லை என்றது எருமை. அத்தோடு இன்னொன்றும் சொன்னது. இந்த வண்டி தன் புகைக்கரியைத் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாகச் சூடேற ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். ஆகவே இதை எடுத்தால் தூரமாக ஓட்ட வேண்டும். பக்கத்திலேயே உருட்டிக்கொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும்.

செங்கமலத்துக்கு அதற்கு மேல் யோசனை இல்லை. பானைக் கருவாட்டைக் கொட்டிக் கொடுத்து அதை வாங்கினாள்.

கரை கைகொட்டிச் சிரித்தது. தவளைகள் கன்னத்தை உப்பிக்கொண்டு "கடகட கடகட" என்றன. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்றார் மயிலார். வட்டம் சுற்றாத வண்டிக்கு எலுமிச்சம்பழம் கிடையாது, கரையில் நிறுத்தவும் கூடாது என்று தீர்ப்பும் சொன்னார்.

"சரிண்ணே, பழத்தை நானே வெச்சு நானே ஏத்திக்கிறேன்" என்றாள் செங்கமலம்.

அப்படியே செய்தாள். குட்டிகள் மூக்கால் பழத்தை உருட்டி வந்து சக்கரத்தடியில் வைத்தன. அவள் ஏற்றி நசுக்கினாள். வண்டியைத் தொலைவில் கள்ளிப் புதருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, சிரிப்புக்கு நடுவே தலை குனியாமல் நடந்து வந்தாள். அவளுக்கு வலிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நன்றாகவே வலித்தது. ஆனால் முதல் நாள் கூலியைப் பிரித்துப் போட்டபோது, குட்டிகள் வயிறு முட்டத் தின்று ஒன்றின் மேல் ஒன்றாக உருண்டு தூங்கின. அந்த வலிக்கு அதுவே மருந்து.

கார்த்திகையில் ஒரு நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. இந்த மழையில் அவள் எங்கே வரப்போகிறாள் என்று முதலை கீரியை மதகடியில் தயாராக நிறுத்திவிட்டார். தன் படுக்கைக்குப் பக்கத்தில் கோரைப்புல்லையும் பரப்பி வைத்தார். குட்டிகளுக்கு மெத்தையாம். கிழக்கு வெளுத்தது. மழைக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. செங்கமலம் இறங்கி நேராக மதகுக்குப் போனாள். கீரி விலகி வழிவிட்டது.

"இந்த மழையிலயா வந்தே?" என்று கேட்டார் முதலை.

"விடிஞ்சா இங்க நிப்பேன். பொழுது சாஞ்சா என் குட்டிங்களோட இருப்பேன். இதுல எதுவும் மாறாதுங்கய்யா."

முதலை வாயை மூடிக்கொண்டார். அந்த வாய் மூடி அவள் பார்த்தது அன்றுதான்.

மாதங்கள் ஓடின. குட்டிகள் கொழுகொழுவென்று ஆயின. பானையில் மறுபடி கருவாடு ஏறியது. கரையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பொறாமைக்குப் பஞ்சம் வந்ததில்லை. அவள் பானை நிறைவது அந்த டீசல் வண்டியால்தான் என்று பேச்சுக் கிளம்பியது. பேச்சு வளர்ந்து, அந்த மாதிரி வண்டி வாசலில் நின்றாலே பானை நிறையும் என்று ஆகிவிட்டது. முதலில் ஓடியவர் மயிலார்தான். சிவப்பு வண்டியைக் கொடுத்துவிட்டு டீசல் வண்டி எடுத்தார். அவரைப் பார்த்து முயல் எடுத்தது, முயலைப் பார்த்து அணில் எடுத்தது, அப்படியே கரையில் வண்டி வைத்திருந்த எல்லோரும் எடுத்தார்கள். குளத்தைச் சுற்ற இது சரிப்படுமா என்று ஓணானைக் கேட்டார்கள். அவன்தான் தலையாட்டுவானே!

செங்கமலம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எருமை சொன்ன கரி விஷயத்தை வீடு வீடாகச் சொன்னாள். உங்கள் ஓட்டத்துக்கு இது வேண்டாம் என்றாள்.

"பாத்தீங்களா? நல்லதெல்லாம் தனக்கு மட்டும்னு நெனைக்கிறா" என்றார் மயிலார். கரையும் ஆமாம் போட்டது.

பிறகென்ன? காலையில் ஒரு வட்டம், மாலையில் ஒரு வட்டம். வண்டிகள் சூடேறும் முன்பே நின்றன. கரி உள்ளேயே படிந்தது. முதலில் முயலின் வண்டி இருமியது. அப்புறம் அணிலின் வண்டி கறுப்பாகப் புகைந்து நின்றது. மற்றவையும் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு நாள் மயிலாரின் வண்டியும் நட்ட நடுக்கரையில் படுத்துவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டது.

தப்பு செய்தவர்களுக்குத் தப்பைச் சுமக்க வேறு முதுகு வேண்டும். பஞ்சாயத்துக் கூடியது. நடுவில் செங்கமலத்தை நிறுத்தினார்கள். குட்டிகள் அவள் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"இத்தனைக்கும் நீதான் காரணம். கரைகிட்ட மன்னிப்புக் கேளு. இல்லேன்னா குளத்தை விட்டுப் போயிடு" என்றார் மயிலார்.

குளத்தை விட்டால் எங்கே போவது? கோரைப்புல் மெத்தைக்குத்தான். அவள் குட்டிகளைப் பார்த்தாள். ஒரு வார்த்தைதானே, கேட்டுத் தொலைத்தால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கேட்டால் அந்தப் பொய் தன் குட்டிகளின் தலையிலும் ஏறும் என்று அடுத்த கணமே தோன்றியது. அவள் நிமிர்ந்தாள்.

"மன்னிப்புக் கேக்க மாட்டேன். குளத்தை விட்டும் போக மாட்டேன். வாங்குங்கன்னு நான் யாருக்கும் சொல்லல; வாங்காதீங்கன்னுதான் சொன்னேன். நான் என் சாலையைப் பாத்து வண்டி வாங்கினேன். நீங்க என் பானையைப் பாத்து வாங்கினீங்க. அதுக்கு நான் என்ன பண்றது?"

மயிலார் தோகையை விரிக்கப் பார்த்தார். அது பாதியிலேயே சரிந்தது. அப்போது, அன்று அதிகமாகச் சிரித்த தவளை ஒன்று மெல்லக் கேட்டது:

"அவங்களைத் தொரத்திட்டா, இந்த வண்டியெல்லாம் கொட்டகைக்கு யாரு இழுத்துட்டுப் போறது?"

கரை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கள்ளிப் புதருக்குப் பின்னால் சாம்பல் வண்டி நின்றது. ஓடுகிற வண்டி அந்தக் குளத்திலேயே அது ஒன்றுதான். துரத்துகிற பேச்சு அத்தோடு அடங்கியது. பஞ்சாயத்து எப்போது கலைந்தது என்பதே யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் மயிலார் தானே நடந்து வளைக்கு வந்தார். என்ன கேட்க வந்தார் என்பதை மட்டும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. செங்கமலம் அவரைக் கேட்க வைக்கவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கொட்டகை இருப்பது எதிர்க்கரையில். போக வேண்டுமானால் குளத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். அன்றைக்குத்தான் சாம்பல் வண்டி முதன்முதலாகக் குளத்தைச் சுற்றியது. கடகடவென்று சத்தம் கரை முழுக்கக் கேட்டது. பின்னால் கயிற்றில் மயிலாரின் வண்டி ஊர்ந்தது. உள்ளே மயிலார் தோகையை மடக்கி மடிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தவளைகூடச் சிரிக்கவில்லை. கிளம்பும்போது செங்கமலத்தின் குட்டிகள் மட்டும் ஓடிவந்து, கயிற்றில் வரும் வண்டியின் சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டி வைத்திருந்தன.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, ஊர் மெச்சவும் வாங்காதீர்கள், அடுத்தவர் வாழ்வதைப் பார்த்தும் வாங்காதீர்கள். தான் போகும் வழியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் யார் முன்னாலும் தலை குனிய வேண்டியதில்லை.