கேட்காத காரணம்

எங்க ஊர் நாற்சந்தியில் வைரவன்னு ஒரு எஸ்.ஐ. இருந்தார். ஃபைன் எழுதுறதும் விடுறதும் அவர் இஷ்டம்தான். ஆனா அவர் பேனா ஒருத்தரையும் விட்டதில்லை.

ஒருநாள் காலையில் ஹெல்மெட் இல்லாம மொபெட்டில் வந்த மாசானம் மாட்டிக்கிட்டார். மாசானம் ஒரு தனிக்கட்டை.

"ஐயா, பத்து மணி பஸ்ஸுல எங்க அக்கா வருது. ஒன்பது வருஷமா என்கூடப் பேசாத அக்கா. ஸ்டாண்டுல என் தலையைக் காணோம்னா அதே பஸ்ஸுல திரும்பிடும்."

"அந்தத் தலையில ஹெல்மெட்டைக் காணோமே! அக்கா, ஆஸ்பத்திரி, எழவுவீடுன்னு எல்லாம் கேட்டாச்சுய்யா. நான் இதுவரைக்கும் கேட்காத ஒண்ணைச் சொல்லு, விடுறேன். இல்லேன்னா வண்டி ஸ்டேஷனுக்குப் போகும்."

கூட்டம் கூடிப்போச்சு. மாசானம் தலையைச் சொறிஞ்சார்.

"நான் சாப்பிட்டேன் ஐயா."

"அதை யாருய்யா கேட்டா?"

"யாருமே கேட்கலை. நீங்களும் கேட்கலை. கேட்காததைத்தானே சொல்லச் சொன்னீங்க? நேத்தும் சாப்பிட்டேன், அதையும் ஒருத்தரும் கேட்கலை. அக்கா இருந்தா கேட்கும்."

கொல்லுன்னு சிரிச்ச கூட்டம் கடைசிப் பேச்சில் அடங்கிப்போச்சு. எஸ்.ஐ. பேனாவை மூடினார். "போய்யா."

வண்டியைக் கிளப்பின மாசானம் திரும்பிப் பார்த்தார். "நீங்க சாப்பிட்டீங்களா ஐயா?"

எட்டு மாசமா அந்தச் சந்தியில் நிக்கிற வைரவனை அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

"இன்னும் இல்லைய்யா," என்றவர், தன் புல்லட்டில் தொங்கின ஹெல்மெட்டை எடுத்து மாசானம் தலையில் கவிழ்த்தார். "ஸ்டாண்டுல மறக்காமக் கழட்டிடு. அக்காவுக்குத் தலை தெரியணும்."