பேசாத கலயம்

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. அது பெரிதில்லை, கலயமே பேசியது. ஒற்றை வாய்க் கலயம். சாய்த்தால் குளுக் குளுக் என்று ஊருக்கே சொல்லிவிடும்.

நாஸ்கா பாலைவனத்தில் மழை கிடையாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் யார் காதில் விழுந்தாலும் அவருக்கு ஒரு வாய் கொடுத்தாக வேண்டும். மனிதனானாலும் சரி, நரியானாலும் சரி.

உர்பி என்று ஒரு குயத்தி. ஆறு வறண்ட மூன்றாம் வருஷம் அவள் மகள் சிசாவுக்குக் காய்ச்சல். வீட்டில் இருந்தது ஒரு தாழித் தண்ணீர். கலயத்தில் மொண்டு மகளுக்கு ஊற்றும்போதெல்லாம் ஒரு பெண் நரி வாசலுக்கு வந்தது.

"அக்கா, சத்தம் கேட்டது."

"ஒரு சொட்டு விழுந்தாலும் உன் காதுக்கு எட்டிவிடுமே."

"குட்டி மூணு. எனக்குப் பால் வற்றிப்போச்சு. வழக்கத்தைத்தானே கேட்கிறேன்."

உர்பி ஊற்றினாள். நாலு நாள் ஊற்றினாள். தாழியில் அடி தெரிந்தது.

ஐந்தாம் நாள் களிமண் பிசைந்தாள். கலயம் ஏன் கத்துகிறது? தண்ணீர் வெளியே வரும் வழியிலேயே காற்று உள்ளே போகிறது. இரண்டும் முட்டிக்கொள்கின்றன. அவ்வளவுதான். காற்றுக்குத் தனியாக ஒரு வாய் வைத்தாள். இரண்டு வாய்க்கும் நடுவே, பிடித்துக்கொள்ள ஒரு பாலம். சாயம் பூசவில்லை. காய்ந்ததும் சாணத் தீயில் சுட்டாள். சாய்த்தாள். தண்ணீர் சத்தமில்லாமல் எண்ணெய் மாதிரி இறங்கியது.

சிசா குடித்தாள். வாசலில் நரி காதை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

"இன்னும் ஊற்றலையா அக்கா?"

"தண்ணீர் தீர்ந்துபோச்சு."

"அப்போ பிள்ளைக்கு?"

உர்பி உள்ளே திரும்பிக்கொண்டாள். நரி போய்விட்டது.

மூன்று நாள் கழித்து வந்தது. வாயில் ஒரு கள்ளிப்பழம். வாசலில் வைத்தது.

"பிள்ளைக்குக் கொடு. தண்ணீர் இல்லாமல் கிடக்குமே. என் குட்டிகளுக்கு இனி எதுவும் வேண்டாம்."

உள்ளே சிசா எழுந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த இரண்டு வாய்க் கலயம், ஈரம் காயாமல். நரி பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த மனிதரிடமும் அது ஒன்றும் சொல்லவில்லை.

உர்பி புதிதாக ஒரு கலயம் செய்தாள். தன் மயிரில் தூரிகை கட்டினாள். கல்லை அரைத்துச் சிவப்பு, வெள்ளை, சாம்பல் எடுத்து நரியையும் மூன்று குட்டிகளையும் வரைந்தாள். சுற்றிக் கறுப்புக் கோடு. அவற்றின் கண்களை மூடியிருப்பதாக வரையக் கை வரவில்லை.

அன்று முதல்தான் அந்த நாட்டுக் கலயத்துக்கு இரண்டு வாய், சுற்றிலும் மூடாத கண்கள். சாய்த்துப் பாருங்கள். ஒரு சொல் வராது.