பாதி மீசைப் பூச்சாடி

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு மீசையே பாதி ராஜ்யமாக இருந்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். அவர் மீசைக்குத் தனி எண்ணெய் உண்டு, தனி விசிறி உண்டு. மீசை தூங்கும் நேரத்தில் யாரும் தும்மக்கூடாது என்று ஓர் உத்தரவும் உண்டு.

ஒருநாள் அவருக்கு ஓர் ஆசை வந்தது. "தங்கச் சாடியும் வெள்ளிச் சாடியும் பார்த்துச் சலித்துவிட்டது. புகையில் சுட்ட மண் பூச்சாடி வேண்டும்!"

குயத்தி சிலம்பாயி பத்துச் சாடிகள் வனைந்து, வைக்கோலிலும் வறட்டியிலும் புதைத்துச் சுட்டுக் கொண்டுவந்தாள். சாம்பல் நிறச் சாடிகளில் மழைமேகம் படுத்து உருண்டதுபோல் கறுப்புக் கறுப்பாகப் புகைக்கறை. ராஜா ஒவ்வொன்றாக ரசித்துக்கொண்டே வந்தவர், பத்தாவது சாடியில் நின்றுவிட்டார்.

அதில் புகை ஒரு முகத்தை வரைந்திருந்தது. தொங்கும் கன்னம், உருண்டை மூக்கு. மூக்குக்குக் கீழே மீசை. அதுவும் ஒரு பக்கம் மட்டும்!

"இது யார்?" என்றார் ராஜா.

சபையிலிருந்து தண்டநாயகர் திருமேனியார் துள்ளி எழுந்தார். படைக்கும் சிறைக்கும் அவர்தான் தலைவர்.

"தாங்களேதான், பிரபு! இந்தக் கன்னத்தை எங்கே கண்டாலும் நான் அடையாளம் சொல்வேன். அரச மீசையில் பாதியை இவள் அபகரித்துவிட்டாள். இவள் சூளையை இடித்து, ஊரைவிட்டே துரத்த வேண்டும்!"

சிலம்பாயி கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் எங்க சாமி வரைஞ்சேன்? சூளைக்குள்ள ஒரு சாடிமேல இன்னொண்ணு சாஞ்சா, அந்த இடத்துல புகை படாது, வெளுத்துப் போயிரும். அந்தச் சூளைய இடிச்சா என் மூணு புள்ளைங்களுக்கும் கஞ்சி கிடையாது சாமி!"

அப்போது அரசவை விகடகவி காத்தப்பன் எழுந்தார். "பிரபு, மண்ணைப் பிசைந்தது இவள். படம் வரைந்தது புகை. குற்றவாளியை விட்டுவிட்டு, குற்றவாளிக்கு இடம் கொடுத்தவளைத் தண்டிப்பது நியாயமா?"

தண்டநாயகருக்குக் காத்தப்பனைக் கண்டாலே ஆகாது. காத்தப்பன் வாய் திறந்தால் ராஜா சிரிப்பார். இவர் வாய் திறந்தால் கொட்டாவி விடுவார். கிடைத்த வாய்ப்பை விடுவாரா?

"அப்படியானால் மூன்று நாளில் காத்தப்பனே புகையைப் பிடித்துச் சிறையில் அடைக்கட்டும். அடைத்தபின் நான் என்ன செய்தாலும் அது வெளியே வரக்கூடாது. தவறினால் சூளை இடிபடும். காத்தப்பனின் பாதி மீசையை மழித்து, கழுதைமேல் ஊர்வலம் விடுவோம்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

"கழுதையிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்" என்றார் காத்தப்பன். இந்தமுறை ராஜா சிரிக்கவில்லை.

காத்தப்பன் நேரே சிலம்பாயியிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "இம்புட்டுதானா?" என்றாள்.

மூன்றாம் நாள் காலை சூளை மூட்டப்பட்டது. உள்ளே ஒரே ஒரு சாடி. தண்டநாயகர் நான்கு காவலர்களோடு வந்து, சூளைக்கு ஒரு முழம் தள்ளி முக்காலி போட்டு உட்கார்ந்தார். "ஓர் இழை தப்பினாலும் என் கண்ணுக்குத் தப்பாது!"

நெருப்பு நன்றாகப் பிடித்ததும் சிலம்பாயி பச்சைத் தழையையும் உமியையும் அள்ளிப் போட்டு, சூளை வாயைச் சேற்றால் அடைத்தாள். "எசமான், தள்ளி உக்காருங்க. சேறு காயிறப்போ வெடிப்பு விடும். மீசை பத்திரம்."

"எனக்கே பாடம் சொல்கிறாயா?"

சற்று நேரத்தில் சேற்றில் வெடிப்பு விட்டது. ஒரு நூல் புகை எட்டிப் பார்த்தது.

"தப்புகிறான்! பிடியுங்கள்!" என்று கத்திக்கொண்டே தண்டநாயகர் வெடிப்பில் மூக்கை வைத்தார். 'புஸ்' என்று ஒரு தீநாக்கு வெளியே வந்து, அவர் முகத்தை ஒருமுறை நக்கிவிட்டு உள்ளே போனது. சிலம்பாயி சட்டென்று சேற்றை அப்பினாள்.

"ஏதோ தீய்ந்த நாற்றம் வருகிறதே?" என்றார் தண்டநாயகர்.

"வறட்டி நாற்றம், ஐயா" என்றார் காத்தப்பன். காவலர்கள் நால்வரும் தங்கள் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சூளை ஆறித் திறந்தபோது சாடி கன்னங்கரேலென்று இருந்தது. வழியில் சாடியை மாற்றிவிடுவார்களோ என்று தண்டநாயகருக்குச் சந்தேகம். வீட்டுக்குக்கூடப் போகாமல், தாமே அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நேரே சபைக்கு வந்தார்.

அவரைப் பார்த்ததும் ராஜா வாயைப் பொத்திக்கொண்டார்.

"பிரபு, குற்றவாளி இந்தச் சாடியில் கைதியாக இருக்கிறான்" என்றார் காத்தப்பன். "சூளையின் வாயை அடைத்ததும் தப்ப வழியில்லாமல் இந்த மண்ணுக்குள்ளேயே புகுந்துவிட்டான். தண்டநாயகர் விடுவித்துப் பார்க்கட்டும்."

தண்டநாயகர் தேங்காய்நார் கேட்டார். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் வந்தது. தேய்த்தார். முக்கித் தேய்த்தார். முக்காலியில் ஏறி நின்றும் தேய்த்தார். ஒரு சொட்டுக் கறுப்பும் கரையவில்லை.

"போன மாதம் உங்கள் சிறையிலிருந்து மூன்று கோழித் திருடர்கள் ஓடினார்கள். இங்கே பாருங்கள், தண்ணீர்கூடக் கலங்கவில்லை!" என்றார் காத்தப்பன்.

"கலங்கவில்லையா?" என்று தண்டநாயகர் தாம்பாளத்தில் குனிந்தார். தெளிந்த தண்ணீரில் ஒரு முகம் தெரிந்தது. தொங்கும் கன்னம், உருண்டை மூக்கு, பாதி மீசை.

காத்தப்பன் அந்தப் பத்தாவது சாடியை எடுத்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். "எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன் என்றீர்களே, ஐயா. இப்போது சொல்லுங்கள், இது யார்?"

ராஜா அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தது. சிரித்த சிரிப்பில் மீசை எண்ணெய் மூன்றாவது வரிசைவரை தெறித்தது. "நான் இல்லை! நான் இல்லவே இல்லை!" என்று சிம்மாசனத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிலம்பாயியின் சூளை தப்பியது. அரண்மனைக்கு இன்னும் நூறு சாடி சுடும் வேலையும் அவளுக்கே கிடைத்தது. காத்தப்பனுக்கு முத்துமாலையும், போனால் போகிறதென்று மீசை விசிறியும் பரிசாகக் கிடைத்தன.

"ஊர்வலத்துக்குச் சொன்ன கழுதை வெளியே நிற்கிறது, பிரபு" என்றான் வாயிற்காவலன்.

கழுதைக்கு அன்று வேலை இருக்கவில்லை. தண்டநாயகர் கரிய சாடியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி நடந்தே வீட்டுக்குப் போனார். கடைத்தெருவில் எல்லோரும் எழுந்து நின்று, அந்தச் சாடிக்கு ஒரு கும்பிடு போட்டார்கள்.