எட்டுச் சொல்லில் இடிந்த மதில்

முன்னொரு காலத்தில் ஏழு கடல்துறைகளையும் தன் ஆணைக்குள் வைத்து விசயகண்டன் என்றொரு பேரரசன் ஆண்டுவந்தான். அவன் தாத்தா ஒரு போரின் முடிவில் தாழைநாட்டின் நடுவே மதில் எழுப்பி அந்த நாட்டை இரண்டாக்கியிருந்தார். நாற்பத்தொரு வருஷமாக அங்கே பேரரசின் படைதான் காவல். காவலுக்குத் தலைவர் மழவராயர்.

வடபாதியின் தூதர் நாகையனும் தென்பாதியின் தூதர் சிங்கமுத்துவும் அன்று சபைக்கு வந்திருந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மந்திரி அம்பலக்கூத்தர் எழுந்தார். "மகாராஜா, நாம் பிரித்த நாட்டை நாமே சேர்த்துவைக்க வேண்டும்."

மழவராயர் சிரித்தார். "சேர்கிற முகமா இது? இருவரும் ஒரே வாசகத்தில் ஓலை எழுதித் தரட்டும், பார்ப்போம்."

அரசனுக்கு வேடிக்கை பிடிக்கும். "பொழுது சாய்வதற்குள் தந்தால் மதிலை இடிக்கலாம். இல்லையென்றால் இன்னும் பத்து முழம் உயர்த்துவோம்," என்றான்.

தூதர்கள் முகம் வெளுத்தது. அப்போதும் பேசிக்கொள்ளவில்லை.

மந்திரி பேசச் சொல்லவும் இல்லை. இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்தார். "உங்கள் நாட்டின் நான்கெல்லையை மட்டும் கிழக்கிலிருந்து வலமாக எழுதுங்கள், ஐயா."

ஓலைகளைச் சபையில் வாசித்தார்கள். நாகையன் ஓலையில், "கிழக்கே கடல், தெற்கே உப்பாறு, மேற்கே கரடிமலை, வடக்கே மூங்கில்காடு." சிங்கமுத்துவின் ஓலையிலும் அதே எட்டுச் சொல்.

"பார்த்தீர்களா, ஆளுக்கு முழு நாடும் வேண்டுமாம். மதில் போனால் வெட்டுக்குத்துதான்," என்றார் மழவராயர்.

"பாதி போதும் என்று எழுத இருவருக்கும் கை வரவில்லை. மதிலை எல்லை என்கிறவர் இந்தச் சபையில் நீங்கள் ஒருவர்தான்," என்றார் மந்திரி.

சிங்கமுத்து மெல்லத் திரும்பினார். "உப்பாறு எங்கள் கோடியில் இருக்கிறது. நீங்கள் பார்த்ததே இல்லையே, ஐயா?"

"பார்த்ததில்லை. அதற்காக என் நாட்டு ஆற்றை விட்டுவிட்டு எழுதுவேனா?" என்றார் நாகையன்.

அரசன் இரண்டு ஓலைகளையும் வாங்கி அருகருகே வைத்துப் பார்த்தான். பிறகு, "யார் ஆள்வது?" என்று கேட்டான்.

"அதை அவர்கள் கூடிப் பேசட்டும். நம் வேலை இரண்டு. படையை அழைத்துக்கொள்வது ஒன்று. அவர்கள் பேசி முடிக்கும்வரை பக்கத்து அரசர்கள் கைவைக்காமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று," என்றார் மந்திரி.

"அப்படியே ஆகட்டும். உமக்குப் பரிசு?"

"படை திரும்பும் நாளை இப்போதே சொல்லுங்கள், மகாராஜா."

"வரும் பௌர்ணமி. முதல் கல்லை மழவராயர் தம் கையாலேயே பெயர்க்கட்டும்."

மழவராயர் தலைகுனிந்து வணங்கினார்.

தூதர்கள் வாசலைத் தாண்டுவதற்குள், தலைநகர் எங்கே என்று பெருங்குரலில் வாதம் தொடங்கிவிட்டது. அரசன் பதறி எழுந்தான்.

"உட்காருங்கள், மகாராஜா," என்றார் மந்திரி. "நாற்பத்தொரு வருஷம் பேசாதவர்கள். கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார்கள்."